பதிலி வகுப்பு

ஷைனி டீச்சர் பிரசவ விடுப்பில்.
கணக்கு நடத்தும் என் கையில்
ஆறாம் வகுப்பு பி பிரிவின் புவியியலைத்
திணித்துவிட்டார்கள்.
மூன்றாம் பீரியட். வெளியே நாற்பத்து நான்கு டிகிரி.
ஏசி இருமிக்கொண்டிருந்தது.

முதல் சொல்லை எழுதினேன்: அமைவிடம்.
வடக்கே இருபத்தைந்து பாகை சொச்சம்,
கிழக்கே ஐம்பத்தைந்து பாகை சொச்சம்,
இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஷார்ஜா.
எண் இருக்கிறவரை எனக்குத் தைரியம் இருந்தது.

"அப்படிச் சொன்னா பிரியாணி வராது சார்"
என்றான் ஹஸ்மத்.
அவன் வீட்டுக்கு வழி இப்படி:
அபு ஷகாரா பூங்கா தாண்டி
மூடிப்போன சலவைக்கடைக்கு எதிரே
கீழே பாகிஸ்தானி தையல்காரர் உள்ள கட்டடம்;
லிஃப்டில் நான்கை அழுத்தினால் ஐந்தில் நிற்கும்.
அதுவும் அமைவிடம்தான் என்றேன்.
ஒன்றில் பூமி நம்மைப் பார்க்கிறது,
மற்றதில் சலவைக்கடை.

அடுத்தது, இடம். இந்த ஊர் எப்படிப்பட்டது?
கதவைத் திறந்து வெளியே வந்ததும்
மூக்குக் கண்ணாடிக்கு வேர்க்கும் என்றாள் மினால்.
அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லவில்லை.
சொல்ல என்ன இருக்கிறது.

மனிதரும் சூழலும் என்ற தலைப்பில்
புத்தகம் அணைக்கட்டின் படம் போட்டிருந்தது.
ஜெரோம் கையைத் தூக்கினான்:
"ஜூன் வந்தா அப்பா ஹீட்டரை அணைச்சிடுவார் சார்.
மாடித் தொட்டித் தண்ணி கொதிக்கும்,
அதனால சுடுதண்ணிக் குழாயிலதான்
பச்சத்தண்ணி வரும்."
சிவப்புப் புள்ளியில் குளிர்ச்சி, நீலப் புள்ளியில் நெருப்பு.
இருபத்தெட்டு தலைகளும் ஆமாம் ஆமாம் என்றன.
பதினோரு வருஷமாய் அப்படித்தான் குளிக்கிறேன்,
பாடம் என்று தெரியாமல்.
அந்தத் தண்ணீர் கொஞ்ச நாள் முன்பு கடலாக இருந்தது,
எரிவாயுவை எரித்து உப்பைக் கழற்றினார்கள் என்றேன்.
குடித்துக்கொண்டிருந்த ஒருத்தி
பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

நகர்வு.
டிபன் பாக்ஸைத் திறக்கச் சொன்னேன்,
விதிக்குப் புறம்பாக.
வெங்காயம் கப்பலில் வந்திருந்தது.
ஷெரினின் தயிர்சாதத்துக் கறிவேப்பிலை விமானத்தில்.
இலைக்குக்கூட நேரடி விமானம்,
எனக்கு எப்போதும் மஸ்கட் மாறித்தான்.
சிற்றோடைத் துறையில் மரக்கலங்கள்
பழைய ஃபிரிட்ஜுகளை ஏற்றுவதைப் பற்றிப்
பேச ஆரம்பித்தேன்,
கண் மூன்றாம் பெஞ்சுக்குப் போயிற்று.

"பெனிட்டோ வரமாட்டான் சார்.
வியாழக்கிழமை கட்டில் வித்தாங்க.
அவன் சைக்கிளை நான்தான் வாங்கினேன்,
நாற்பது திர்ஹம்"
என்றான் ஹஸ்மத்.
பிரேக் சரியில்லை என்றும் சொன்னான்.
அதைப் பலகையில் எழுதவில்லை நான்.

மணி அடிக்க ஆறு நிமிஷம். மண்டலம் மிச்சம்.
ஏதோ ஒன்று பொதுவாய் உள்ள பரப்பு என்று வாசித்தேன்.
வளைகுடா ஒரு மண்டலம்.
"எதுவரைக்கும்?" அல்ஃபியா கேட்டாள்.
வரைபடத்தில் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன்.
அவளுக்குத் திருப்தியில்லை.
முதுகுளத்தூரில் பெரியம்மா வீட்டெதிரே டீக்கடை,
லீவுக்குப் போய் இறங்கியதும்
அந்தக் கடைக்காரர் நலம் விசாரிக்கவில்லையாம்,
திர்ஹம் இன்றைக்கு எவ்வளவு என்றாராம்.
"அப்ப அந்தக் கடையும் சேருமா சார்?"

பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்,
"இன்னைக்கு எவ்வளவு சார்?"
ஃபோனைப் பார்க்காமல் சொன்னேன்,
தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கத்தோடு.

சுவர்ப் படம் கராச்சியோடு முடிந்துவிடுகிறது.
பென்சிலை எடுத்து
சட்டத்துக்கு வெளியே, வெள்ளைச் சுவரில்,
கடற்கரையை இழுத்துக்கொண்டு போனேன்.
கை ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றது.
முதுகுளத்தூர் அங்கேதான் வரும் என்றாள் அல்ஃபியா.
சைக்கிள் வாங்கியவன் எழுந்து வந்து பார்த்தான்.
"தூத்துக்குடி இன்னும் கொஞ்சம் கீழே சார்."